எட்டு என்றே எழுது

உவர்நில ஆய்வுப் பண்ணை,
வேதாரண்யம்.
6.1.2025

தீபனுக்கு,

பெட்டியின் மேல் என் பெயரைப் பார்த்ததும் திருப்பி அனுப்பிவிடாதே. பத்து மாதமாக என் எண்ணை உன் போனில் முடக்கி வைத்திருக்கிறாய். அம்மாவுக்கென்று தனியாக போன் கிடையாது. வேறு வழி தெரியாமல் உன் அக்கா பார்சலாக வந்திருக்கிறேன்.

உள்ளே இரண்டு உறைகளில் விதைநெல் இருக்கிறது. 'ஆ' என்று எழுதியது சாதாரண விதை. 'அ' என்பது நான் பக்குவம் செய்தது. பொட்டாஷ் கரைத்த தண்ணீரில் பதினாறு மணி நேரம் ஊறவைத்து, முளை தலைகாட்டுவதற்குள் எடுத்து, நிழலில் பழைய எடைக்கே உலர்த்திவிடுவோம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் உப்பு என்றால் என்ன என்று அந்த விதைக்கு ஒரு தடவை தெரிந்துவிடுகிறது. பிறகு உப்பேறிய மண்ணில் போட்டாலும் மிரளாமல் நிற்க வேண்டும். நிற்கிறதா என்பதுதான் சோதனை.

இதையே கடற்காற்று அடிக்கும் இன்னொரு ஊரிலும் செய்து பார்க்க வேண்டும் என்றார் எங்கள் பிரிவுத் தலைவர் ஜோ சார். திருவொற்றியூரில் என் தம்பி இருக்கிறான் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நம் வீட்டுப் பின்சந்தில் ஆறு தட்டு வைக்கலாம். மார்ச்சோடு என் ஒப்பந்தம் முடிகிறது. இது நன்றாக வந்தால் நீட்டிப்பார்கள்.

முதல் பத்து நாள் நல்ல தண்ணீர் ஊற்று. பிறகு வீட்டில் இருக்கும் வெள்ளை டிரம்மில் இருபது லிட்டர் பிடித்து, நான் எடைபோட்டு அனுப்பிய உப்பில் ஒரு பொட்டலத்தைக் கரைத்து அதையே ஊற்று. திங்கள்தோறும் புதிதாகக் கரைக்க வேண்டும். பேனா மாதிரி ஒரு கருவி இருக்கிறது. தண்ணீரில் முக்கினால் உப்பின் அளவைக் காட்டும். கரைத்ததும் எட்டு காட்ட வேண்டும். தினமும் ஊற்றி முடித்ததும் தண்ணீர் மட்டத்தில் டிரம்மின் வெளியே ஒரு கோடு போடு. ஞாயிறன்று மறுபடி பேனாவை முக்கிப் படிவத்தில் எழுது. பத்து நாற்றைச் செய்தித்தாளில் வைத்து உலர்த்தி அனுப்பு.

வீட்டில் உப்பே வைப்பதில்லை என்று தெரியும். பொட்டலங்களை உன் அலமாரியில் வைத்துப் பூட்டு. ஒரு பொட்டலத்தைப் பிரித்தால் முழுவதையும் டிரம்மில் கொட்டிவிடு. அம்மா கண்ணில் படவே கூடாது.

கால் வீக்கம் எப்படி இருக்கிறது?

ஜெயஸ்ரீ


திருவொற்றியூர் குப்பம்
14.1.2025, பொங்கல்

மகா கனம் பொருந்திய ஜெயஸ்ரீ அம்மையாருக்கு,

திருப்பி அனுப்பத்தான் எடுத்தேன். அம்மா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு விடவில்லை. அட்டையைத் தடவித் தடவி, இதில் உன் கைபட்டிருக்கிறதாம். அதனால்தான் உன் நெல் இந்த வீட்டில் இருக்கிறது. எனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே.

முன்பு ஒரு தடவை நான் எழுதியதைப் படித்துவிட்டு உன் பழைய அலுவலகத்தில் சிரித்தார்கள் என்றாயே, அதனால் பள்ளிக்கூடத் தமிழ் ஐயாவை மனதில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்திக்கொள்.

வெள்ளிக்கிழமையே விதைத்துவிட்டேன். முளை வந்துவிட்டது. எண்ணூர்ப் பக்கமிருந்து வரும் கரி, தளிர் மேல் படிகிறது. காலையில் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குக் கிரேன் ஓட்டக் கிளம்புமுன் ஈரத்துணியால் துடைக்கிறேன். பிள்ளை பெறாமலே பிள்ளை வளர்க்கும் யோகம் எனக்கு.

எதற்கு இந்த நெல் என்று அம்மா கேட்டாள். நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டுச் சொன்னாள்: "இன்னா நைனா இது, நெல்லுக்குக் கூட உப்பு காட்றா உங்கக்கா. எனக்கு மட்டும் இன்னா பாவம்?"

முப்பது வருஷம் கருவாடு விற்றவள். கிட்னி பாதி போய்விட்டது, உப்பு விஷம், தண்ணீர் நாளுக்கு ஒரு லிட்டருக்கு மேல் கூடாது என்று டாக்டர் சொன்ன அதே வாரம் நீ பெட்டி கட்டினாய். கிளம்பும்போது அவளிடம் சத்தியம் வாங்கினாய். "உப்ப கையால தொடமாட்டேன்" என்று உன் தலையில் கைவைத்துச் செய்தாள். இன்றுவரை காப்பாற்றுகிறாள். பக்கத்து வீட்டு மங்கம்மாவிடமும், தெருமுனைக் கடையிலும் சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு கல் உப்பு உள்ளே வராது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள், இங்கே குப்பையைத்தான் மூன்று வேளையும் சாப்பிடுகிறோம். நானும்தான். அவள் எதிரே நான் மட்டும் எப்படி உப்புப் போட்டுத் தின்பது? இன்றைக்குச் சர்க்கரைப் பொங்கல் மட்டும் ஊர் உலகத்தில் எல்லார் வீட்டிலும் இருப்பது மாதிரி இருந்தது.

கால் அப்படியேதான் இருக்கிறது.

தீபன்


வேதாரண்யம்
20.1.2025

தீபனுக்கு,

நீயும் உப்பில்லாமல் சாப்பிடுகிறாய் என்பது எனக்குத் தெரியாது.

நான் ஓடிப்போனேன் என்று நினைக்கிறாய். அந்த வாரம் இந்த வேலைக்குச் சேராவிட்டால் வேறு ஆளுக்குப் போயிருக்கும். முப்பத்து நான்கு வயதில் இன்னொரு தடவை யார் கூப்பிடுவார்கள்? அம்மாவின் வைத்தியத்துக்கு நான் பக்கத்தில் இருப்பதைவிட வேலையில் இருப்பது உதவும் என்றுதான் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு சரியா என்று ஒவ்வொரு நாளும் யோசிக்கிறேன், தெரியவில்லை.

இன்றிலிருந்து உப்புத் தண்ணீர். மறக்காதே.

அம்மாவிடம் சொல், அவள் கை வைத்துச் சத்தியம் செய்த தலை இன்னும் அப்படியே இருக்கிறது, நரை மட்டும் கூடியிருக்கிறது என்று.

அக்கா


திருவொற்றியூர்
2.2.2025

அக்காவுக்கு,

நீ அனுப்பிய பேனா சரியில்லை. திங்களன்று கரைத்ததும் எட்டு காட்டியது. போன ஞாயிறு ஆறே முக்கால். இன்றைக்கு ஐந்தரை. டிரம்மில் கோடு போட்ட இடத்திலேயேதான் தண்ணீர் நிற்கிறது. மட்டம் குறையவில்லை, உப்பு மட்டும் குறைகிறது. மூடியும் மூடித்தான் வைக்கிறேன். உன் படிப்புக்கு இதற்கு ஏதாவது பதில் இருந்தால் சொல்.

நாற்று அருமையாக இருக்கிறது. 'ஆ' தட்டுகளில் நுனி மஞ்சள் தட்டுகிறது. 'அ' தட்டுகள் பச்சைப்பசேல். அம்மாவுக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். நாள் முழுக்கப் பின்சந்தில் பலகையைப் போட்டுக்கொண்டு தட்டுகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாளாம். மத்தியானக் கஞ்சிகூட அங்கேதான். முன்பு பாதியை அப்படியே வைத்துவிடுவாள். இப்போது சட்டி காலியாக இருக்கிறது. எல்லாம் உன் நாற்று வந்த ராசி என்று மங்கம்மா சொல்கிறாள்.

ஆனால் கால் வீக்கம் கூடிவிட்டது. அமுக்கினால் விரல் பதிந்த குழி எழும்புவதில்லை. முகமும் உப்பியிருக்கிறது. வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றதில் போய்ச் சேரவே இரண்டு மணி நேரம். டாக்டர் எடுத்த எடுப்பில், "உப்பு சாப்பிடறாங்களா?" என்றார். எங்கள் வீட்டில் உப்பே கிடையாது சார் என்று அடித்துச் சொன்னேன். அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, "தொடறதே இல்ல டாக்டர், எம் பொண்ணு மேல சத்தியம்" என்றாள். மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்.

பேனாவுக்கு என்ன செய்வது, எழுது.

தீபன்


வேதாரண்யம்
8.2.2025

அன்புத் தம்பிக்கு,

நாற்றுகள் வந்து சேர்ந்தன. வேரைப் பிரித்து இரண்டு தடவை அளந்து பார்த்தேன். இங்கே பண்ணையில் இதே விதை, இதே உப்பு, நூற்றுக்குப் பாதிகூடத் தேறவில்லை. உன் தட்டுகளில் நிற்கிறது! கரி துடைத்த உன் கைக்கு ஒரு கும்பிடு.

பேனாவைப் பற்றிக் கவலைப்படாதே, பாட்டரி போயிருக்கும். யோசித்துப் பார். மூடிய டிரம்மில் இருக்கும் தண்ணீரில் உப்பு எப்படிக் குறையும்? தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. வைத்த உப்பு வைத்த இடத்திலேயேதான் இருக்கும், எங்கும் போகாது. இது பள்ளிக்கூடப் பாடம். திங்களன்று எட்டு காட்டினால் ஞாயிறன்றும் எட்டுதான். படிவத்தில் எட்டு என்றே எழுது. கண்டபடி எண்கள் இருந்தால் மொத்தத்தையும் தள்ளிவிடுவார்கள்.

இருபத்து நான்காம் தேதி எல்லாருக்கும் முன்னால் இதைச் சொல்லப்போகிறேன். அது முடிந்ததும் ஒரு வாரம் வந்து அம்மாவோடு இருக்கிறேன். வீக்கம் மாத்திரைக்குக் கேட்கும், பயப்படாதே.

அக்கா


திருவொற்றியூர்
16.2.2025

அக்காவுக்கு,

படிவத்தில் எட்டு என்றே எழுதிவிட்டேன், நான்கு வாரத்துக்கும். பேனா காட்டியதை நாள்காட்டித் தாளின் பின்பக்கம் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன். பாட்டரி மாற்றிய பிறகும் குறைவாகத்தான் காட்டுகிறது. இன்றைக்கு நான்கு. படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

'அ' தட்டில் நூற்றுக்கு எண்பத்து மூன்று நிற்கிறது. 'ஆ' தட்டில் ஐம்பத்தெட்டு.

அம்மாவுக்கு நேற்றிலிருந்து மூச்சு வாங்குகிறது. படுக்க முடியவில்லை, உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். தண்ணீர் தண்ணீர் என்று தவிக்கிறாள். நாளைக்குச் சேர்த்துவிடலாம் என்று இருக்கிறேன். இருபத்து நான்கு வரைக்கும் காத்திருக்காதே. முடிந்தால் இரண்டு நாளைக்கு வந்துவிட்டுப் போ. உன் எண்ணை முடக்கி வைத்திருந்ததை எடுத்துவிட்டேன்.

தீபன்


வேதாரண்யம்
26.2.2025

தீபனுக்கு,

அம்மாவின் மூன்றாம் நாள் பாலுக்குக்கூட நிற்காமல் நான் பஸ் ஏறியபோது நீ வாசலுக்கு வரவில்லை. வந்திருந்தால் நான் போயிருக்க மாட்டேனோ என்னவோ.

பத்தொன்பதாம் தேதி விடியற்காலை நீ போன் செய்தபோது உன் குரலே எனக்கு அடையாளம் தெரியவில்லை. பத்து மாதத்தில் ஒருவன் குரல் மறந்துபோகுமா? அவள் முகத்தை வீக்கத்தோடுதான் பார்த்தேன். அது அம்மா முகம் மாதிரியே இல்லை. அவள் காலைப் பிடித்தபோது என் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது, நீ எழுதியிருந்தது போலவே.

திங்கட்கிழமை எல்லாருக்கும் முன்னால் பேசினேன். எப்படிப் பேசினேன் என்று தெரியாது. கைதட்டினார்கள். பண்ணையில் நாற்பத்தாறு, திருவொற்றியூரில் எண்பத்து மூன்று, ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று ஜோ சார் கேட்டார். கடற்காற்றின் ஈரப்பதம் என்றேன். ஒப்பந்தத்தை இரண்டு வருஷம் நீட்டிக்கிறார்களாம். உப்பேறிய ஏழு ஊர்களுக்கு வரும் பருவத்திலேயே இந்த விதையைக் கொடுக்கப்போகிறார்கள்.

கருமாதிக்கு லீவு கிடைக்கவில்லை. திட்டு. எழுதியாவது திட்டு.

அக்கா


திருவொற்றியூர்
9.3.2025

அக்காவுக்கு,

திட்டுவதற்காக உட்காரவில்லை. நடந்ததை எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நீ பஸ் ஏறிய மறுநாள் சாம்பலைக் காசிமேட்டில் கடலில் கரைத்தோம். இனி அவளுக்கு உப்புக்குப் பஞ்சமில்லை என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததும் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை நிற்கவில்லை.

உன் நாற்றுக்கு நான் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை. அம்மா பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டது என்பதால் ஊற்றினேன். பேனா தானாகவே சரியாகிவிட்டது. இருபத்து மூன்றாம் தேதி ஞாயிறு, ஏழரை. அதற்கடுத்த ஞாயிறு, எட்டு. டிரம்மில் கரைத்த உப்பு கரைத்தபடி இருந்தது. பத்தே நாளில் 'அ' தட்டும் கருக ஆரம்பித்தது. இப்போது நூற்றுக்கு நாற்பதுகூட இல்லை.

பதினாறாம் நாள் படையலுக்கு மங்கம்மாதான் சமைத்தாள். சுறாக் கருவாட்டுக் குழம்பு, உப்புத் தூக்கலாக. இலை போட்டுக்கொண்டே நான் பேச்சுவாக்கில், "இன்னா மாயமோ, அம்மா போனதும் பேனா ரைட்டாயிடுச்சு, பயிரு கருகிகினே போவுது" என்றேன். மங்கம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு சொன்னாள்:

"டெய்லி மத்தியானம் அந்த டிரம்முலேர்ந்து டம்ளர்ல மொண்டு கஞ்சில ஊத்திகினு குடிப்பா, தீபா. எவ்ளோ எடுத்தாளோ அவ்ளோ கொயா தண்ணிய ரொப்பிடுவா, கோட்டுக்கு ரைட்டா. நான் கேட்டேன், இன்னாடி பண்றேன்னு. 'உப்ப தொடமாட்டேன்னுதான் ஜெயா தலைல கைவெச்சி சொன்னேன். இது தண்ணிதானே?'ன்னா. வேணாண்டின்னேன். 'எம் பொண்ணு அனுப்ச உப்பு இது. பொண்ணு அனுப்சது பெத்தவள இன்னா பண்ணிடும்?'னா. யார்கிட்டயும் சொல்லாதன்னு கையப் புட்சிகினா. எனக்கு இன்னா தெரியும், ரெண்டு வாய் உப்புன்னு உட்டுட்டேனே..."

தட்டுகளுக்குப் பின்னால் அந்த எவர்சில்வர் டம்ளர் இருந்தது. உள்ளே வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறது.

ஆக, நாற்று நின்றது உன் பக்குவத்தால் அல்ல. அதன் பங்கு உப்பை அம்மா குடித்தாள்.

இதை யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். மங்கம்மாவும் சொல்ல மாட்டாள். படிவத்தில் எல்லா வாரமும் எட்டு. உன் வேலைக்கு ஒன்றும் ஆகாது. எழுதினது எழுதினபடி இருக்கட்டும். அம்மாவும் போய், உன் வேலையும் போனால் என்ன மிச்சம்? உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள். தின்றது அவள். குடிக்கப்போவது நாம் இரண்டு பேரும்.

நாள்காட்டித் தாள்களை இதோடு வைத்திருக்கிறேன். என் வீட்டில் வைத்திருக்க முடியவில்லை. நீ கிழித்துப் போட்டுவிடு.

தீபன்


வேதாரண்யம்
23.3.2025

என் தம்பி தீபனுக்கு,

கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. நான்கு தடவை பதில் எழுதிக் கிழித்தேன்.

உன் பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன், இரண்டாம் பிப்ரவரி. முதல் பத்தியில் டிரம்மில் உப்பு குறைகிறது என்று எழுதியிருக்கிறாய். மூன்றாவது பத்தியில் அம்மாவுக்கு வீக்கம் கூடுகிறது என்று எழுதியிருக்கிறாய். கஞ்சிச் சட்டி காலியாவதும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. டாக்டர் கேட்ட கேள்வியைக்கூட வார்த்தை மாறாமல் எழுதியிருக்கிறாய். நீ ஒன்றையும் மறைக்கவில்லை, எல்லாவற்றையும் என் கையில் கொடுத்தாய். நான்தான் படித்தவள். உப்பு எங்கும் போகாது என்று உனக்கே பாடம் நடத்தினேன். அப்படியானால் எங்கே போனது என்று ஒரு நிமிஷம் நான் கேட்டிருந்தால் அம்மா இருந்திருப்பாள். நான் கேட்கவில்லை. எனக்கு எட்டு வேண்டியிருந்தது.

எடைபோட்டுப் பொட்டலம் கட்டினது என் கைதான். இதைச் சொல்லி உன்னிடம் ஆறுதல் வாங்கப் பார்க்கவில்லை. நீயும் ஆறுதல் சொல்லாதே.

உன் தாள்களைக் கிழிக்கவில்லை. அந்த ஏழு ஊர்களிலும் மண்ணில் உப்பு எட்டுக்கு மேல் இருக்கிறது. நம்முடைய எண்பத்து மூன்றை நம்பி விதைப்பவர்கள் நாற்றங்கால் கருகிய பிறகு யாரிடம் போய்க் கேட்பார்கள்? அந்த வீடுகளிலும் அம்மாக்கள் இருக்கிறார்கள். வியாழக்கிழமை தாள்களை ஜோ சாரின் மேசைமேல் வைத்தேன். அந்த ஊர்களுக்குப் போகவிருந்த விதை மூட்டைகளை நிறுத்திவிட்டார்கள். பக்குவம் முழுப் பொய்யில்லை, கொஞ்சம் தாங்குகிறது, நான் சொன்ன அளவுக்கு இல்லை. அதை வேறு யாராவது தொடர்ந்து பார்ப்பார்கள். எனக்கு நீட்டிப்பு இல்லை, முப்பத்தொன்றோடு வேலை முடிகிறது.

படிவத்தைப் புதிதாக எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். உன் தாள்களைப் பார்த்து எழுதினேன். ஆறே முக்கால், ஐந்தரை, நான்கே முக்கால், நான்கு. ஒவ்வொரு எண்ணும் அவள் ஒரு வாரம் ருசித்துச் சாப்பிட்டது என்று நினைத்துக்கொண்டே எழுதினேன். அடியில் 'அளவு குறைந்ததற்குக் காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 'அம்மா சாப்பிட்டாள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஜோ சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இப்படி எழுதக்கூடாதும்மா, நீர்த்துப்போச்சுன்னு போடுங்க" என்றார். நான் மாற்றவில்லை. அவரும் அதை அப்படியே கோப்பில் வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் முதல் தேதி காலை வந்து சேருவேன். அந்த டம்ளரைக் கழுவிவிடாதே. மங்கம்மாவைத் திட்டாதே, அவள் மேல் தப்பில்லை.

எனக்குக் கொஞ்சம் கஞ்சி வைத்திரு. உப்பு போடாமல் வை.

அக்கா